கவுன்சிலரம்மாவின் வலது கை

பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, எண்ணெய் தொட்ட பஞ்சை அடியில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டிருந்தாள் பாப்பா. அம்மாவின் இடது கையில் இருந்தது சுலபமாக வந்துவிட்டது. வலது கையில் இருந்ததுதான் மல்லுக்கு நின்றது. அது பழைய பிளாஸ்திரி. ஓரமெல்லாம் அழுக்கேறிக் கறுத்து, தோலோடு தோலாக ஒட்டிப்போயிருந்தது.

"மெதுவா. தோல் வந்துடப் போகுது" என்றாள் சித்தி.

"அம்மாவுக்கு வலிக்காது சித்தி."

"எனக்கு வலிக்குது."

பாப்பா இன்னும் கொஞ்சம் எண்ணெய் தொட்டாள். "ரெண்டு கையிலயும் எதுக்குக் குத்தினாங்க?"

"ஒரு கையில நரம்பு கிடைச்சிருக்காது" என்று சொல்லிவிட்டு, பஞ்சு எடுத்து வருவதாக சித்தி எழுந்து உள்ளே போனாள். பஞ்சு பாப்பாவின் மடியிலேயே இருந்தது.

வெளியூரில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர் பாப்பா. அவள் குரலைக் கேட்டால் பத்தாம் வகுப்புப் பையன்கள் உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்வார்கள். நாற்பது வயதாகிறது, காதோரம் நரைத்துவிட்டது. ஆனால் இந்த வீட்டு வாசற்படி ஏறினால் அவள் பாப்பாதான். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது.

முன்னறையில் அப்பா போனில் பேசுவது கேட்டது. "ஆமா, கவுன்சிலர்தான் பேசுறேன். மேயர் வர்றாருப்பா. ரோட்டுல அந்தக் குப்பைத் தொட்டி கிடக்குது பாரு, அதை எடுக்கச் சொல்லு."

கவுன்சிலர்தான் பேசுறேன் என்று சொன்ன அப்பா எந்தத் தேர்தலிலும் ஜெயித்தவர் இல்லை. இரண்டு முறை நின்றார், இரண்டு முறையும் மண்ணைக் கவ்வினார். மூன்றாம் முறை நிற்கத் தயாரானபோது அந்த வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மறுநாள் காலை அடுப்படியில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டு, நீதான் நிற்கிறாய் என்றார். எங்கே நிற்கவேண்டும் என்று அம்மா கேட்டாளாம். சுவரொட்டியில் அப்பாவின் படம் ஆளுயரத்துக்கு இருந்தது, அம்மாவின் படம் தபால்தலை அளவுக்கு இருந்தது. அம்மா ஜெயித்தாள், மாலையெல்லாம் அப்பா கழுத்தில் விழுந்தது. அன்றைக்கே ஊர் பெயரைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. அவர் கவுன்சிலர், அவள் கவுன்சிலரம்மா. டாக்டர் பெண்டாட்டி டாக்டரம்மா ஆகிற மாதிரிதான். ஓட்டு வாங்கியது யார் என்பது கொஞ்ச நாளில் ஓட்டுப் போட்டவர்களுக்கே மறந்துபோனது.

வாசலில் பிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'கவுன்சிலரின் அன்புத் துணைவியார் மறைவுக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஜன்னல் வழியாக பாப்பா அதைப் படித்தாள். செத்த பிறகாவது அந்தப் பதவியை அவளுக்குக் கொடுத்திருக்கலாம்.

ஆனால் அன்று காலை அவளுக்கு அப்பாவைவிட அம்மா மேல்தான் கோபம் அதிகமாக இருந்தது. செத்தவள் மேல் கோபப்படுவது எவ்வளவு பெரிய பாவம் என்று தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள், கோபம் கேட்கவில்லை. போன வாரம் அவள் போன் பண்ணியபோது அப்பாதான் எடுத்தார். அம்மாவுக்குக் காலையிலிருந்து மூச்சுத் திணறுகிறது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், தெருமுனை டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொல்லிவிட்டார் என்றார்.

"அப்புறம் ஏம்பா இன்னும் வீட்டுல இருக்கீங்க?"

"வரமாட்டேன்னு அடம் பிடிக்கிறாளே. நீயே கேளு" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

பாப்பா தன் வகுப்பறைக் குரலை எடுத்தாள். இந்த வயசில் என்ன பிடிவாதம், நாங்களெல்லாம் நிம்மதியா இருக்கக் கூடாதா, எல்லாருக்கும் தொந்தரவு கொடுப்பதில் உனக்கு என்ன சந்தோஷம் என்றெல்லாம் பொரிந்து தள்ளினாள். அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு வேலை இருக்கு பாப்பா. முடிச்சுட்டுப் போயிடறேன்."

"அப்படி என்னம்மா தலை போற வேலை?"

அம்மா லேசாகச் சிரித்தாள். "ஆமா, ஒருத்தர் தலை போற வேலைதான்" என்றாள். அடுப்பில் எதையோ வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பாப்பா போனை வைத்துவிட்டாள். அதுதான் அம்மா அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு. பாப்பா பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு நினைவில்லை. கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருக்கலாமே என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அப்பா தரையைப் பார்த்தார். பாவம், அவர் என்ன செய்வார், அம்மாவல்லவா அடம் பிடித்தாள் என்று பாப்பா அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

பிளாஸ்திரி ஒருவழியாக வந்துவிட்டது. அடியில் தோல் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது, நடுவில் ஊசி குத்திய கறுப்புப் புள்ளி. பாப்பா அந்த இடத்தைத் துணியால் துடைத்தாள். அந்தக் கையைத் துடைக்கும்போது கோபத்துக்கு நடுவிலும் ஒரு சிரிப்பு வந்தது.

மாநகராட்சி மன்றத்தில் அம்மாவுக்கு இருந்த ஒரே வேலை கை தூக்குவது. தீர்மானத்தைப் படிப்பார்கள், சம்மதம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்பார்கள். எதற்குத் தூக்க வேண்டும், எதற்குக் கூடாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதற்கு அப்பா ஒரு வழி வைத்திருந்தார். பார்வையாளர் வரிசையில் முதல் நாற்காலி அவருடையது. சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தால் அம்மா கை தூக்க வேண்டும். துடைக்காவிட்டால் தூக்கக் கூடாது. மன்றத்தில் எல்லாருக்கும் இது தெரியும். கைக்குட்டையைப் பார்த்தே சில பேர் ஓட்டை எண்ணிவிடுவார்கள்.

ஒரு கோடையில், சந்தைக்குள் பெண்களுக்குக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று எதிரணியில் ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த இடத்தில் வண்டி நிறுத்தம் வரவேண்டும் என்பது அப்பாவின் வாதம். தீர்மானம் படிக்கிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஃபேன்கள் நின்றன. அப்பாவுக்குப் பிடரியெல்லாம் வேர்த்து ஊற்றியது, பழக்கதோஷத்தில் கைக்குட்டையை எடுத்து முகத்தை ஒற்றிக்கொண்டார். அம்மாவின் கை மேலே போனது. அந்த ஒரு கையில் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

வீட்டுக்கு வந்து அப்பா குதி குதியென்று குதித்தார். "நீங்கதான துடைச்சீங்க?" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு எவ்வளவு வேர்த்தாலும், மூக்கு நுனியில் சொட்டச் சொட்ட மன்றத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

பாப்பாவிடம் மட்டும் அம்மா பிறகு சொன்னாள். "வேர்த்துதான் துடைச்சாருன்னு எனக்குத் தெரியாதா என்ன?"

கழிப்பறை கட்டி முடித்த பிறகு சந்தைப் பெண்கள் அதற்குக் கவுன்சிலரம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "கடையைப் பாத்துக்கடி, கவுன்சிலரம்மா வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்பார்கள். அதைக் கேட்டு அப்பாவுக்கு மானம் போனது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கல்லில் பெயர் வெட்டிக்கொள்கிறவர்களுக்கு இப்படி ஒரு பேர் கிடைக்குமா என்றாள்.

அப்பா உள்ளே வந்தார். சட்டையில் பொத்தான்களை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் பாப்பாவுக்கு மனசு இளகிவிட்டது. எழுந்து போய்ச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"பாப்பா, ஒண்ணு சொல்லணும். இந்த நேரத்துல சொல்றேன்னு நினைக்காத."

"சொல்லுங்கப்பா."

"இடைத்தேர்தல் வரும். வார்டு இன்னும் பொம்பளைங்க வார்டுதான். அம்மா போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னா. எனக்கப்புறம் பாப்பா நிக்கட்டும்னா."

பாப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கோபித்துக்கொண்ட மகளுக்கு அம்மா விட்டுப்போனது இதுதானா என்று தோன்றியது. கண் நிறைந்துவிட்டது.

"வேலையை விட்டுட்டு வரணுமேப்பா."

"லீவு போடலாம்மா. நீ வந்து உக்காந்தா போதும், மத்ததை நான் பாத்துக்கிறேன். உங்கம்மாவை நான் பாத்துக்கலையா?"

"பாக்கலாம்பா" என்றாள். அவள் பாக்கலாம் என்றால் பாதி சரி என்று அர்த்தம். அப்பாவுக்கும் அது தெரியும். அவள் தலையை ஒரு முறை தடவிவிட்டு வெளியே போனார்.

மேயர் வந்தபோது வாசல் நிறைந்திருந்தது. முற்றத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மா இருந்தாள், தலைமாட்டில் பெரிய ஸ்டாண்டு ஃபேன் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. வானம் மூடிக்கொண்டு, வெயிலே இல்லாத காலையாக இருந்தது. கேட்டுக்கு வெளியே சந்தைப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்களை உள்ளே விடச் சொல்லி பாப்பா இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. மேயர் போகட்டும், அப்புறம் விடலாம் என்றார் வட்டச் செயலாளர். அவரை எல்லாரும் வட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் அப்படித்தான் இருப்பார்.

மேயர் மலர் வளையத்தை வைத்தார், ஒரு நிமிடம் தலை குனிந்தார். பிறகு வட்டம் நீட்டிய மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. அதை பாப்பாவும் பார்த்தாள்.

"இன்னைக்கு நான் மேயரா உங்க முன்னாடி நிக்கிறேன்னா, அதுக்குக் காரணம் இந்தத் தாய்" என்றார். "போன வாரம் என்மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டாந்தாங்க. எண்ணிப் பாத்தா ரெண்டு பக்கமும் சமம். நான் தப்பிக்க ஒரு கை குறையுது. அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு சேதி வருது. சரி, முடிஞ்சுதுன்னு நான் எழுந்திருச்சுட்டேன். அப்ப கதவு திறக்குது. நாற்காலியோட தூக்கிட்டு வர்றாங்க. வலது கையில ஊசி, மேல பிளாஸ்திரி. டாக்டர் ஆஸ்பத்திரிக்குன்னு குத்தி அனுப்பின ஊசியை அப்படியே வச்சுக்கிட்டு, நேரா மன்றத்துக்கு வந்தாங்க. மூச்சு விட முடியலை. ஆனா வந்தாங்க."

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"கையைத் தூக்குறாங்க, தூக்க முடியலை. பாதியில விழுது. வெளியாள் உறுப்பினர் வரிசைக்குள்ள வரக்கூடாது, விதி இருக்கு. நான் கமிஷனர்கிட்ட சொன்னேன், மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குல்லன்னேன். நம்ம கவுன்சிலர் ஓடி வந்தார். அம்மா முழங்கையைத் தாங்கிப் பிடிச்சு, எண்ணி முடிக்கிறவரைக்கும் கீழே விடலை. புருஷன் பெண்டாட்டின்னா அப்படி இருக்கணும். அந்தக் கையை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா பாப்பாவைப் பார்த்தார்.

பாப்பா தன் விரல்களைப் பார்த்தாள். பிளாஸ்திரி உரித்த விரல்களில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. எழுந்து, யாரையும் இடிக்காமல் நடந்து, அடுப்படிக்குப் போனாள். சித்தி அங்கே சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"சித்தி, அம்மா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு சொன்னாளா?"

சித்தி திரும்பவில்லை.

"உங்களைத்தான் கேக்கிறேன்."

"அவ வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு நின்னாடி. வண்டி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குன்னுதான் ஏறினோம். பாதி வழியில உங்கப்பா வண்டியைத் திருப்பச் சொன்னாரு. ஒரு கை தூக்கிட்டு வந்துடலாம், அஞ்சு நிமிஷம்னாரு. அங்க போனா கூட்டம் ஆரம்பிக்கவே இல்ல. வண்டியிலயே படுக்க வச்சிருந்தோம். அப்பதான் நீ போன் பண்ணின."

"வண்டியிலயா இருந்தீங்க? நான் பேசினப்ப?"

"ம்."

"நான் அவளைத் திட்டினேனே சித்தி. நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சித்தி முகத்தை மூடிக்கொண்டாள். "நான் வாயைத் திறந்தேன். அவதான் என் கையைப் பிடிச்சு அமுக்கினா. அப்பனும் மகளும் சண்டை போட்டுக்க வேண்டாம்னா."

பாப்பாவுக்கு அழ வேண்டும் போல இருந்தது, அழுகை வரவில்லை. அம்மா மேல் வைத்திருந்த கோபம் அத்தனையும் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. அந்த வெற்றிடம்தான் தாங்க முடியாததாக இருந்தது. தன்னை ஒரு கம்பாக எடுத்து அப்பா அம்மாவை அடித்துவிட்டார் என்று நினைத்தாள். அடித்த கம்பையே இப்போது ஊன்றுகோலாக்கிக்கொள்ளவும் பார்க்கிறார்.

அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"நாலு கை வித்தியாசம்னா நானே விட்டிருப்பேம்மா. ஒரே ஒரு கை."

பாப்பா விரலில் இருந்த எண்ணெயைக் கைப்பிடித் துணியில் துடைத்தாள்.

"அங்கிருந்து நேரா ஆஸ்பத்திரிக்குத்தான கொண்டுபோனேன். விதி முந்திக்கிச்சு. அவளும் மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. வாழ்க்கையில ஒரு தடவை அவ எனக்கு மாட்டேன்னு சொன்னதுண்டா?"

"சொன்னாப்பா" என்றாள் பாப்பா. "உங்களுக்குத்தான் கேக்கலை."

அவருக்கு அது புரியவில்லை. "மேயர் வெயிட் பண்றாரு. கட்டடக் குழுத் தலைவர் பதவி நம்ம வீட்டுக்குத்தான்னு வாக்கு கொடுத்திருக்காரு. வா, சும்மா வந்து நில்லு" என்றார். குரலில் கெஞ்சலும் இருந்தது, அவசரமும் இருந்தது.

"நான் நிக்கணும்னு அம்மா சொன்னாளா?"

அப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி இந்த முறை தலையைக் குனியவில்லை. நினைவு தப்புகிறவரைக்கும் பக்கத்திலேயே இருந்தவள் அவள்தான். அப்பா திரும்பி நடந்தார்.

பாப்பா முற்றத்துக்கு வந்தாள். கண்ணாடிப் பெட்டியின் வலது பக்கம், அம்மாவின் கை இருந்த பக்கமாகப் போய் நின்றாள். பிளாஸ்திரி இருந்த சதுரம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. மைக் இப்போது வட்டத்தின் கையில் இருந்தது.

"நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்று ஆரம்பித்தார் வட்டம். சாவு வீட்டில் எது நல்ல காரியம் என்று அவருக்கே பாதியில் உறைத்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா விட்டுட்டுப் போன இடத்தை நிரப்ப அம்மா வயித்துல பொறந்த பாப்பாவைவிட்டா யாரு இருக்கா? மேயர் முன்னிலையில அம்மா சாட்சியா இப்பவே முடிவு பண்ணிடுவோம். சம்மதம்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. கட்சிக்காரர்கள், பிளெக்ஸ் கட்டியவர்கள், டீ கொடுத்துக்கொண்டிருந்தவர் எல்லாரும் தூக்கினார்கள். கேட்டுக்கு வெளியே நின்ற சந்தைப் பெண்களுக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. அவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

மேயர் சிரித்த முகமாக அவளைப் பார்த்தார். "பாப்பா, நீயும் ஒரு கை தூக்கிட்டா ஏகமனதாயிடும்."

கூட்டம் முழுக்க அவளைப் பார்த்தது. பாப்பா எதிரே பார்த்தாள். கூட்டத்தின் முன்வரிசையில், பெட்டியின் கால்மாட்டில் அப்பா நின்றிருந்தார். சட்டைப்பையில் கை விட்டு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். அவளையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் துடைத்தார்.

பாப்பாவின் வலது கை கண்ணாடியின் மேல், அம்மாவின் கைக்கு நேராக இருந்தது. அது அங்கேயே இருந்தது.

அப்பா இன்னொரு முறை துடைத்தார்.

"என்ன பாப்பா?" என்றார் வட்டம்.

"அப்பாவுக்கு வேர்க்குது" என்றாள் பாப்பா. "அந்த ஃபேனை யாராவது அவர் பக்கம் திருப்புங்க. அப்படியே கேட்டைத் திறந்து அவங்களை உள்ள விடுங்க."

யாரோ ஃபேனைத் திருப்பினார்கள். அப்பாவின் கையில் கைக்குட்டை படபடவென்று அடித்துக்கொண்டது.